கிணறுகளின் பெயரறிந்த அழகர்சாமி

வெள்ளிக்கிழமை காலை ரியாத்தின் பத்தா சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். முருகேசனிடமிருந்து அழைப்பு வந்தது. அழகர்சாமி அண்ணனின் அறையில் தங்கியிருப்பவர்.

“சார், அண்ணன் தூக்கத்துலயே போயிட்டாரு. டூட்டிக்கு எழுப்பப் போனேன், எந்திரிக்கல.”

மறுநாள் அலுவலகத்தில் மேலாளரிடம் சொன்னேன். “யாரு, அந்தத் தண்ணி லாரிக்காரனா?” என்று கேட்டுவிட்டுக் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தக் கேள்விக்கு அங்கே நான் பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

திரு. அழகர்சாமி திருவாடானைப் பக்கத்துக்காரர். வீட்டு டிரைவர் வேலை என்று சொல்லி அவரை அனுப்பிய ஏஜென்ட், ரியாத்திலிருந்து மூன்று மணி நேரப் பயணத்தில் உள்ள மேய்ச்சல் மாவட்டத்தில் நானூறு ஆடுகளோடு விட்டுவிட்டான். பெயருக்கு மாவட்டம். ஒரு சந்தை, இடிந்த மண் காவல் கோபுரம் ஒன்று, பழைய யாத்திரைப் பாதையில் ஒரு கல்தொட்டி, மற்றபடி மணலும் கிணறுகளும்தான். அங்கே அவரோடு தமிழ் பேச இருந்தது ஒரே ஓர் ஆள். பக்கத்து ஊர்க்காரரான வேலு.

அரபி எப்படிக் கற்றுக்கொண்டீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். “கெணறு எங்க இருக்குன்னு கேக்கணும்ல சார். கேக்கத் தெரியலைன்னா அங்க செத்துருவோம்” என்றார்.

கேட்டுக் கேட்டு அந்த மாவட்டத்தின் கதை முழுவதும் அவருக்குள் சேர்ந்துவிட்டது. எந்தக் கிணற்றை எந்தக் குடும்பம் வெட்டியது, எதற்காகச் சண்டை வந்தது, எந்தக் கோபுரத்திலிருந்து யார் காவல் பார்த்தார்கள், எல்லாம் சொல்வார். பிறகு உரிமம் எடுத்துத் தண்ணீர் லாரி ஓட்டத் தொடங்கியபோது, பாதையில்லாத இடங்களுக்கும் அவர்தான் பாதை.

அந்த மாவட்டத்தின் பழைய சின்னங்களுக்கு வரைபடமும் நூலும் தயாரிக்கும் வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. நான் வரைவாளர். வழிகாட்ட அவரை மூன்று மாதம் அழைத்துக்கொண்டார்கள். முதல் வாரமே எங்கள் பொறியாளர் வட்டமான கல்வரிசை ஒன்றைப் பார்த்து, கோட்டையின் அடித்தளம் என்று குறித்துக்கொண்டு பல கோணங்களில் படமும் எடுத்தார். அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டார்.

“சார், அது நான் அடுக்குனது. குட்டிங்க மேல மணல்காத்து அடிக்கக் கூடாதுன்னு.”

பொறியாளர் நம்பவில்லை. அந்தக் கோட்டை இன்றும் நூலில் இருக்கிறது.

நூலில் இல்லாதது எது என்பதைத்தான் நான் சொல்ல வேண்டும். மாவட்டத்தின் வடக்கு ஓரத்தில் ஒரு கிணறு. பதூ எனப்படும் நாடோடி மேய்ப்பர்கள் அதை ‘பீர் வேலு’ என்பார்கள். வேலுவின் கிணறு. அந்தப் பெயர் எப்படி வந்தது என்று நான் கேட்டதும், அண்ணன் லாரியை நிறுத்தி இறங்கினார்.

“ரெண்டு வருசம் மழை இல்ல சார். கெணறு தூந்துபோச்சு. ஆடெல்லாம் நாக்கத் தொங்கப் போட்டு நின்னுச்சு. யாரும் சொல்லல, வேலுவாத்தான் மண்ணெடுக்க எறங்குனான். கயித்த நான்தான் பிடிச்சிருந்தேன். பக்கமெல்லாம் சரிஞ்சிருச்சு. இழுத்தேன். வெறுங்கயிறுதான் வந்துச்சு.”

பக்கத்து மந்தைக்காரர் அபு சாலிம் தம் மகன்களோடு வந்து ஒரு பகலும் இரவும் தோண்டினாராம். வேலுவை எடுத்த பள்ளத்தில் தண்ணீர் ஊறியிருந்தது. பெயர் வைத்தவரும் அபு சாலிம்தான். அந்த மண்ணின் மக்கள் மனமார வைத்த பெயர் அது. நாங்கள் யார் அதை மாற்ற?

மாற்றினோம். வரைபடத்தைச் சரிபார்த்த அதிகாரி, “ஒரு வேலைக்காரன் பெயரை வரலாற்றுச் சின்னத்துக்குப் போட முடியாது” என்று சிவப்பு மையில் சுழித்து அனுப்பினார். மேலாளர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. “கலாஸ், அவ்வளவுதான், எடுத்துடு” என்றார். எடுத்தது என் கை. பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள், விசா இவர்கள் கையில் இருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, ‘பெயரற்ற கிணறு’ என்று தட்டச்சு செய்தேன்.

நூல் பளபளப்பாக வந்தது. முன்பக்கத்தில் பதினொரு பேருக்கு நன்றி. அதில் எட்டுப் பேர் அந்த மாவட்டத்தில் கால் வைத்ததே இல்லை. அழகர்சாமி என்ற பெயர் எங்குமே இல்லை.

அவர் அலுவலகத்துக்கு வந்து வரைபடத்தை விரித்து, வடக்கு ஓரத்தில் விரல் வைத்து வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

“வேலு எங்க சார்?”

நடந்ததைச் சொன்னேன். அவர் குரல் உயரவில்லை. “நீங்க எழுதத் தெரிஞ்சவரு. நீங்களே அழிச்சா, நான் யார்ட்டப் போய்ச் சொல்ல?” என்றார்.

பிறகு நேராக மேலாளர் அறைக்குள் போனார். அன்று அந்த அதிகாரியும் அங்கே இருந்தார். பதூக்களின் அரபியில் அண்ணன் பேசியது கூடம் முழுக்கக் கேட்டது. “அவன் எடுத்துக் கொடுத்த தண்ணி வேணும், அவன் பேரு வேண்டாமா? உங்க நூலைக் கொண்டுபோய் அங்க இருக்கிற ஒரு கிழவிகிட்டக் காட்டுங்க. சிரிப்பா.” மறுநாளே, அவர் எங்கள் வாசலில் நுழையக்கூடாது என்று காவலாளிக்கு உத்தரவு போனது. என்னைத் தவிர யாரும் தலைகுனிந்ததாக நினைவில்லை. நானும் குனிந்ததோடு சரி.

அதன்பின் அவரை இரண்டு முறைதான் பார்த்தேன். பேசினார். வேலுவைப் பற்றி மட்டும் என்னிடம் மறுபடி பேசவேயில்லை.

இறந்த செய்தி வந்த நான்காம் நாள், விடுப்பு மறுக்கப்பட்டும் பிணவறைக்குப் போனேன். எனக்கு முன்பே அபு சாலிம் வந்திருந்தார். மூன்று மணி நேரம் பயணம் செய்து, மகன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். எழுத்தர் அவரிடம், “இந்த இந்தியனுக்கு நீங்கள் என்ன உறவு?” என்று கேட்டார்.

“அண்டை வீட்டுக்காரன்” என்றார் கிழவர். “எங்கள் தண்ணீர் எல்லாம் இவனுக்குத் தெரியும்.”

எங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. ஓர் இரங்கல் கடிதம்கூட வரவில்லை. அவருடைய அறிவை அட்டை போட்டு வெளியிட்டவர்களுக்கு, அவர் பெட்டியைத் தொட்டு வழியனுப்ப அரை நாள் இல்லை. இதை நான் மன்னிக்கப்போவதில்லை. என்னையும் சேர்த்துத்தான்.

ஊருக்கு அனுப்ப, விமானச் சரக்கு வாயிலில் பெட்டி தள்ளுவண்டியில் நகர்ந்தபோது அபு சாலிமும் பின்னாலேயே நடந்தார். காவலாளி கைநீட்டி “மாஃபி” என்று தடுத்த இடம்வரை நடந்தார். கதவு மூடிய பிறகும் வெயிலில் தொப்பியில்லாமல் நின்றுகொண்டிருந்தார். மகன் கூப்பிட்டும் அசையவில்லை.

இந்த வாரம் நூலின் இரண்டாம் பதிப்புக்கான கோப்பு என் மேசைக்கு வந்தது. வடக்கு ஓரத்தில் ‘பீர் வேலு’ என்று எழுதி, திருத்தியவர் என்ற இடத்தில் என் கையெழுத்தைப் போட்டு அனுப்பிவிட்டேன். மறுபடி சிவப்பு மையில் சுழிக்கலாம். என்னை ஊருக்கே அனுப்பலாம். அழிக்க வேறு கை தேடிக்கொள்ளட்டும்.

போய் வாருங்கள், அண்ணே.