பிடிக்க வேண்டாம் என்று சொன்னவள்

ஜெயமேரி என் சித்தி மகள். அவள் வேலை பார்த்த, ஏலக்காய் சலித்துத் தரம் பிரிக்கும் ஸ்டோரின் முதலாளி ஆரோக்கியசெல்வம் அவளுக்குத் தாய்மாமன் மகன், மச்சான் முறை. கேரளத்து எஸ்டேட்டுக்கு ஜீப்பில் போன அவள் புருஷன் மலைச் சரிவில் ஜீப் கவிழ்ந்து திரும்பாமல் போனபோது, "ஏ மேரி, கம்பத்துக்கு வா, காய் பொறுக்கு" என்று கூப்பிட்டு வேலை கொடுத்தது அந்த மச்சான்தான். மகளை நர்ஸ் படிப்பில் சேர்த்துவிட்டதும் அவர்தான். இதை முதலில் சொல்லாவிட்டால் பின்னால் வருவதன் கனம் தெரியாது.

ஸ்டோரில் ஒரு வழக்கம் உண்டு. சனிக்கிழமை சம்பளம் போடும்போது அவரவர் ஊர்த் திருவிழா வரியை முதலாளியே கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து வைப்பார். எங்கள் ஊர் ஆட்களுக்கு மாதா கோயில் வரி. குச்சனூர்ப் பக்கத்து ஆட்களுக்கு அம்மன் பொங்கல் வரி. திருவிழா வந்ததும் பிடித்ததை ஊர்ப் பெரியவர்களிடம் சேர்த்து, அதே அளவு தன் பங்காகவும் போடுவார். தன் ஆட்களுக்கு மட்டும்தான் இது. லாரியோடு வந்து மூட்டை இறக்கிவிட்டுப் போகிறவனிடம் யார் திருவிழா வரி பிடிப்பது?

வேலையாட்கள் இருபதைத் தாண்டியதும் ஆடிட்டர் வந்து, இனி எல்லாருக்கும் பி.எஃப். பிடிக்க வேண்டும், முதலாளியும் தன் பங்கைச் சேர்த்துக் கட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். சனிக்கிழமை முதலாளி அதைச் சொன்னதும் பெண்கள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு முணுமுணுத்தார்கள். சொந்தக்காரி என்பதால் ஜெயமேரியை முன்னே தள்ளிவிட்டார்கள்.

"மச்சான், சாமிக்குப் பிடிக்கிறது போதும். கவர்மெண்டுக்கும் பிடிச்சா நாங்க சந்தைக்கு வெறும் பையத்தான் தூக்கிட்டுப் போகணும்."

"அது உங்க காசுதான் ஆத்தா. கெழடான பெறகு வரும்."

"கெழடானா பாத்துக்கிருவோம். அதுவரைக்கும் வயிறு சும்மா இருக்குமா?"

எல்லாரும் சிரித்தார்கள். மூட்டை தூக்கும் குச்சனூர்ப் பக்கத்து வேல்பாண்டிதான் சத்தமாகச் சிரித்தான். "யக்கா சொல்றதுதான் சரி மொதலாளி. என் சாதகத்துல கெழட்டு வயசே கெடையாது."

முதலாளிக்கும் அவர் பங்கு மிச்சம். மறுவாரம், 'எங்களுக்குப் பிடித்தம் வேண்டாம்' என்று ஒரு தாள் எழுதி நீட்டினார். முதல் கையெழுத்து ஜெயமேரி. வேல்பாண்டி அன்று குமுளிக்குச் சரக்கு எடுக்கப் போயிருந்ததால் அவன் கையெழுத்து விட்டுப்போயிற்று.

நாலு வருஷம் கழித்து ஒரு பங்குனி மத்தியானம், வேல்பாண்டி மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. மனைவி ராஜாத்தி சின்னப் பெண். ரெண்டு மகள்கள் வேறு. காரியச் செலவை முதலாளி ஏற்றுக்கொண்டார். அதோடு சரி.

காரியமெல்லாம் முடிந்தபின் ராஜாத்தி ஜெயமேரியைத் தேடி வந்தாள்.

"யக்கா, எங்க தெருவுல மில்லு வேலக்காரரு ஒருத்தரு செத்துப்போனாரு. அவரு பொஞ்சாதிக்கு மாசாமாசம் பென்சன் வருது. மில்லுல பிடிச்சுக் கட்டுனாகளாம். எங்க வீட்டுக்காரருக்கு இங்கன பிடிச்சாகளா?"

ஜெயமேரி அவளை உட்காரவைத்தாள். "நான்தான் ஆத்தா பிடிக்க வேணாம்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாக."

ராஜாத்தி திட்டவில்லை. "அவரும் சேந்து சிரிச்சிருப்பாரு" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் ஜெயமேரிக்கு ஆறியிருக்கும்.

மச்சானிடம் போய்க் கேட்டாள். அவர் அந்தத் தாளை எடுத்துக் காட்டினார். "மொதக் கையெழுத்து யாருது மேரி? இப்ப என்னையக் கேக்க வந்துட்ட."

மில்காரர் மனைவி சொன்ன வழியில் ராஜாத்தி பி.எஃப். ஆபீஸில் மனுக் கொடுத்தாள். விசாரிக்க ஓர் அதிகாரியம்மா ஸ்டோருக்கே வரப்போவதாகத் தகவல் வந்தது. செத்தவன் ஸ்டோர் ஆள் என்று ஆகிவிட்டால் கேஸ் பெரிதாகும் என்று ஆடிட்டர் முதலாளியைப் பயமுறுத்தி வைத்திருந்தார். முந்தின நாள் முதலாளி ஜெயமேரியைத் தனியே கூப்பிட்டார்.

"வேல்பாண்டி லாரியோட வந்த ஆளுன்னு சொல்லிரு. ஒரு சொல்லுதான் ஆத்தா. நான் ஒனக்குச் செஞ்சதுக்கு ஒரு சொல்லு."

அவள் தலையும் ஆட்டவில்லை, மறுக்கவும் இல்லை.

மறுநாள் முதலாளி நீட்டிய தாளை அதிகாரியம்மா வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இது செல்லாதுங்க. தொழிலாளி வேண்டாம்னு எழுதிக் குடுத்தாலும் பிடிச்சுக் கட்டுறது உங்க பொறுப்பு. அப்பப் பிடிக்காம விட்டத இப்ப அவங்க சம்பளத்துல பிடிக்கவும் முடியாது. ரெண்டு பங்கையும் நீங்கதான் கட்டணும்."

"இருக்கவுகளுக்குக் கட்டிர்றேம்மா. ஆனா வேல்பாண்டி என் ஆளு இல்ல. பதிவேட்டுலயும் இல்ல, இந்தத் தாள்லயும் அவன் பேரு இல்ல பாருங்க. லாரியோட வந்து மூட்டை தூக்குறவன். மேரியக் கேளுங்க."

ஜெயமேரி சல்லடையைக் கீழே வைத்தாள். அதிகாரியைப் பார்க்காமல் மச்சானைப் பார்த்தே பேசினாள்.

"அவனுக்குச் சனிக்கெழமை சனிக்கெழமை அம்மன் பொங்கல் வரி பிடிச்சீகளே மச்சான். அவுக ஊருக்கே போயி, அவன் பணத்தோட ஒங்க பணத்தையும் வச்சுக் குடுத்தீகளே. நம்ம ஆளு இல்லாதவனுக்கு எதுக்கு மச்சான் வரி பிடிச்சீக?"

முதலாளி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சாமி காசில் பொய் சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை.

"பிடிச்சேன்" என்றார்.

"வேணாம்னு மொதல்ல சொன்னது நான்தாம்மா" என்றாள் ஜெயமேரி. "அதையும் எழுதிக்கங்க."

வேல்பாண்டிக்கும் சேர்த்து ரெண்டு பங்கையும் வட்டியையும் அபராதத்தையும் முதலாளி கட்டினார். ஜெயமேரியை வேலையை விட்டு நிறுத்தவில்லை. அவளோடு பேசவும் இல்லை. சனிக்கிழமைச் சம்பளத்தில் பி.எஃப். பிடிக்க ஆரம்பித்ததும் பக்கத்தில் உட்கார்ந்து காய் பொறுக்குகிறவள் இடித்தாள்: "பிடிக்காதன்னு ஒரு தரம், பிடின்னு ஒரு தரம். ஒனக்கு வாய்தான்டி நீளம்."

எங்கள் ஊர்க் கொடியேற்றத்துக்கு, கொடித்துணி வைத்த தட்டு ஆரோக்கியசெல்வம் வீட்டிலிருந்துதான் புறப்படும். வருஷா வருஷம் அதைத் தூக்கி வருவது ஜெயமேரி. அந்த வருஷம் அவளைக் கூப்பிடவில்லை. தட்டு வேறு கையில் வந்தது. அவள் கூட்டத்தின் கடைசியில் நின்றாள். அங்கே ராஜாத்தி பிள்ளைகளோடு வந்து சேர்ந்தாள்.

"யக்கா, மொத மாசப் பென்சன் நேத்து வந்துருச்சு" என்றாள். பிறகு முன்னால் எட்டிப் பார்த்துவிட்டு, "தட்டு நீங்கதானே தூக்குவீகளாம்? ஏன்க்கா இங்கன நிக்கிறீக?" என்றாள்.

"கை வலிக்குது ஆத்தா" என்றாள் ஜெயமேரி.

கொடி ஏறியபோது ராஜாத்தியின் சின்ன மகளுக்குக் கூட்டம் மறைத்தது. ஜெயமேரி அவளைத் தூக்கித் தோளில் உட்கார வைத்து, பாடல் முடியும்வரை இறக்காமல் நின்றாள்.