வேலம்மா நடாமல் விட்ட இடம்

மலேசியாவில், சிலாங்கூர் ஆறு கடலை நெருங்கும் வளைவில், பழைய பேட்டரிகளை உருக்கும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அதன் உலையில் வேலை செய்த இராமையா சிறுநீரகம் பழுதாகி இறந்தார். உலைதான் காரணம் என்று அவர் மனைவி வேலம்மாவுக்காக நான் எழுதிய ஒவ்வொரு மனுவுக்கும் ‘பரிசீலனையில் உள்ளது’ என்றே பதில் வந்தது. நகல்கள் என்னிடம் உள்ளன.

எங்கள் ரப்பர் தோட்டத்து மக்கள் கருமக்கிரியை செய்துவந்த துறை அந்தத் தொழிற்சாலைக்குப் பின்புறம்தான். இராமையாவின் அஸ்தியையும் அங்கேதான் கரைத்தோம்; சாம்பல் கரைச் சேற்றிலேயே படிந்தது. ஆடி அமாவாசைதோறும் வேலம்மா அந்தச் சேற்றங்கரையில் இலை போட்டுச் சோறு வைப்பார்.

தொழிற்சாலை மூடப்பட்டபின், நச்சேறிய கரையைச் சீராக்கி, மின்மினிகள் தங்கும் பெரெம்பாங் மரங்களை நடத் தொடங்கினார்கள். வேலம்மாவும் அவ்வேலையில் சேர்ந்தார். மரங்கள் அடைத்துவிடாமல், துறையில் ஓர் ஆள் இறங்கும் வழியையாவது காப்பாற்றிவிடலாம் என்பது அவர் எண்ணம். துறை இருந்த இடம் வந்ததும் நடாமல் தாண்டினார்.

உடன் நட்ட அன்பரசி கவனித்துவிட்டாள். “என்னா அத்தே, மாமாவுக்குப் பார்க்கிங் விட்டிருக்கீங்களா?”

“ஆமாலா. நீ வாயப் பொத்திக்கிட்டு நடு.”

மேற்பார்வைப் பொறியாளர் குமணன் இளைஞர், கடுமையானவர் அல்லர். இடைவெளியைக் கண்டு அருகே வந்தார். “அம்மா, இங்க ஏன் விட்டீங்க?”

“எங்க வீட்டுக்காரரக் கரைச்ச எடம் தம்பி. சோறு வைக்க எறங்கணும். இது மட்டும் இருக்கட்டுமே.”

ஆறுதல் சொல்வதாக நினைத்தே குமணன் சொன்னார்: “கவலப்படாதீங்கம்மா, அந்தப் பழைய மண்ணு இப்ப இங்க இல்ல. இடுப்பளவு தோண்டி லோரில ஏத்தியாச்சு. இது வேற எடத்து மண்ணு, சுத்தமானது.”

வேலம்மா தம் கையில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்தார்.

“அப்ப அவரையும் ஏத்திட்டீங்களா?”

குமணன் லோரிகள் போன சாலைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“எங்க கொண்டுபோனீங்க?”

“விஷக் கழிவு பொதைக்கிற எடம்மா. எந்த ஊருன்னு எங்களுக்கே சொல்லல. சொன்னாலும் உள்ள விடமாட்டாங்க.”

அன்பரசி மண்வெட்டியோடு வந்தாள். வேலம்மா அதை வாங்கி, தாம் விட்டுவைத்த இடத்தில் தாமே குழி தோண்டினார். கன்றை வைத்து, மண்ணை அணைத்து மிதித்தார். இனி அங்கே வழி தேவைப்படவில்லை.

அடுத்த ஆடி அமாவாசையன்று சோறு சமைத்தார். ஆற்றுப் பக்கம் போகவில்லை. கழிவு லோரிகள் போன சாலையோரம் இலையோடு வந்து நின்று, எந்தத் திசை என்று உடன் போன என்னைக் கேட்டார். மண்ணைப் புதைத்த இடம் எதுவென்று கேட்டு நான் அனுப்பிய கடிதமும் பரிசீலனையில்தான் இருந்தது. எந்தப் பக்கம் பார்த்து வைப்பது என்று தெரியாமல், இலையைக் கையில் ஏந்தியபடியே அவர் நின்றார்.