மேசையைத் தட்டிய கை

தையலக்காவை நகரமன்றத்துக்கு அனுப்பியது அவளுடைய பேச்சு அல்ல, அவள் தைத்துக் கொடுத்த இடுப்புப் பட்டைகள். காய்கறிச் சந்தையில் கடை போட்டிருந்த பெண்கள், தவழும் பிள்ளைகளைத் தராசு மேசையின் காலில் கயிற்றால் கட்டிவைத்துவிட்டுத்தான் வியாபாரம் பார்ப்பார்கள். அவிழ்த்துவிட்டால் பிள்ளை நேரே தள்ளுவண்டிச் சக்கரத்துக்கடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். கயிறு அறுத்து அதுகளின் இடுப்பெல்லாம் சிவந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு, சந்தை வாசலில் மிஷின் போட்டிருந்த இவள், வெட்டி மிஞ்சிய துணியில் பஞ்சு திணித்து மெத்தென்று பட்டை தைத்துக் கொடுத்தாள். எல்லோரும் வாயாரப் பாராட்டினார்கள். அவளுக்கோ ஒருநாள் ஊசியில் நூல் கோக்கும்போது சுருக்கென்று உறைத்தது. பிள்ளைகளைக் கட்டிப்போடுவதற்கல்லவா நாம் வசதி செய்துகொண்டிருக்கிறோம்!

சந்தையின் பின்பக்கம் நகரமன்றத்துக்குச் சொந்தமான பெரிய அறை ஒன்று பூட்டிக் கிடந்தது. அதைப் பிள்ளைகள் காப்பகமாக்க வேண்டும், பார்த்துக்கொள்ள ஆள்களை நகரமன்றமே சம்பளம் கொடுத்து வைக்க வேண்டும். தேர்தலில் அவள் கொடுத்த வாக்குறுதி அது ஒன்றுதான். அவளுடைய நாத்தனாரும் அங்கே தக்காளிக் கடை போட்டிருந்தாள். அவள் பிள்ளையும் மேசைக்காலில்தான் வளர்ந்துகொண்டிருந்தது. அவள்தான் கடைகடையாக ஏறி இறங்கி அண்ணிக்கு ஓட்டுக் கேட்டாள். தையலக்கா ஜெயித்தாள்.

நகரமன்றத்தில் ஒரு பழக்கம் உண்டு. அங்கே யாரும் கை தூக்குவதில்லை. தலைவர் தீர்மானத்தைப் படிப்பார், உறுப்பினர்கள் மேசையைத் தட்டுவார்கள், முடிந்தது கதை. சாலை போடவும் தட்டுவார்கள், தலைவர் பேத்திக்குக் காது குத்தின சேதி கேட்டும் தட்டுவார்கள். எது வாழ்த்து, எது வாக்கு என்று அந்த மேசைக்கே தெரியாது. தட்டாத ஒரே ஆள், ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா ஒருவர். எதற்கெடுத்தாலும் எழுந்து விதியைச் சொல்லுவதால் அவருக்குச் ‘சட்டம்’ என்றே பெயர் விழுந்துவிட்டது. அவர் எழுந்தாலே மற்றவர்கள் கொட்டாவி விடுவார்கள். தையலக்காவும் விட்டிருக்கிறாள், பொய் சொல்வானேன்.

காப்பகத் தீர்மானம் வந்த நாளில் தலைவர் அவளைப் புகழ்ந்து தள்ளிவிட்டார். இப்படி ஒரு தாயுள்ளம் இந்த மன்றத்துக்குக் கிடைத்தது நாம் செய்த பாக்கியம் என்றார். மண்டபமே தடதடவென்று தட்டியது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பிறந்ததிலிருந்து யாரும் அவளை அப்படி ஒரு சபையில் வைத்துப் பேசியதில்லை. கண் கலங்க, அவளும் கூடச் சேர்ந்து தட்டினாள். அந்தச் சத்தத்துக்கு நடுவிலேயே தலைவர் குரலை இறக்கி, காப்பகத்தை வரும் ஆண்டுகளில் பரிசீலிக்கலாம், அதுவரை அறையை மொத்த வியாபாரிகள் சங்கத்துக்குக் கிடங்காகக் கொடுக்கலாம் என்று படித்து முடித்தார். தட்டல் ஓயவில்லை. அவள் கையும் ஓயவில்லை. தீர்மானம் நிறைவேறியது.

அவள் படியிறங்கி வந்தபோது சங்கத்துக்காரர் ஒருவர் வந்து, ஒத்துழைப்புக்கு நன்றி என்று சிரித்தார். எதற்கு நன்றி என்று கேட்டாள். அவர் சொன்னார். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

அப்போதே திரும்பி ஓடிக் கத்தியிருக்கலாம். செய்யவில்லை. சந்தைக்குப் போனாள். பெண்கள் சூழ்ந்துகொண்டு என்ன ஆச்சு என்று கேட்டபோது அவள் நாக்கு தானாகப் புரண்டது. தன்னால் முடிந்த மட்டும் எதிர்த்ததாகவும், ஒற்றை ஆளாக என்ன செய்ய முடியும் என்றும் சொல்லிவிட்டாள். அவர்கள் அவளை உட்காரவைத்துத் தேநீர் வாங்கிக் கொடுத்தார்கள். விடுங்கக்கா, உங்களால் ஆனதைச் செய்தீர்கள் என்று முதுகைத் தடவினார்கள். நாத்தனார் மட்டும் கிட்டே வராமல் தக்காளியைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். நாலு அறை அறைந்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

வீட்டில் கணவனிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள். நாளாக நாளாக எல்லோரும் மறந்துவிடுவார்கள் என்று அவன் சமாதானம் சொன்னான். அவளால் மறக்க முடியவில்லை. மிஷினை மிதித்தால் அந்தத் தடதடப்பு மேசைச் சத்தமாகவே கேட்டது. சந்தை வாசலில் உட்கார வெட்கம் பிடுங்கித் தின்ன, வீட்டுக்குள்ளேயே தைக்க ஆரம்பித்தாள்.

கடைசியில் அவள் போய் நின்றது சட்டத்தின் வீட்டு வாசலில். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே விளக்கினார். முடிவான தீர்மானத்தை இந்த ஆண்டில் மறுபடி எடுக்க முடியாது. ஒரே ஒரு வழி உண்டு. அதை ஆதரித்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, என் வாக்கு தவறிப்போய்விட்டது, மறுபடி எடுங்கள் என்று கேட்கலாம்.

“நீங்களே கேட்டுடுங்களேன்,” என்றாள்.

“நான் தட்டலையேம்மா. தட்டினவங்கதான் கேக்க முடியும்.”

காரணம் சொல்லாமல் கேட்க முடியாதா என்று இழுத்தாள். முடியாது, எழுந்து நின்று வாயால் சொல்ல வேண்டும் என்றார். அவர் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுதுவிட்டாவது வந்திருப்பாள்.

அடுத்த மன்றக் கூட்டம் நெருங்க நெருங்க அவளுக்கு ஒரே ஒரு பயம்தான். உறுப்பினர்கள் சிரிக்கட்டும், தலைவர் முறைக்கட்டும். மேலே பார்வையாளர் மாடத்தில் சந்தைக்காரிகள் வந்து உட்கார்ந்துவிடக் கூடாது! அவர்கள் காதில் விழாமல் உண்மையைச் சொல்லிவிட முடியுமானால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று கணக்குப் போட்டாள், பாவம். ஒருநாள் சந்தைக்கே போய், வியாபாரம் கெட்டுப்போகும், யாரும் வரவேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கரிசனமாகச் சொல்லிவிட்டும் வந்தாள். அப்படிச் சொன்னால் வராமல் இருப்பார்களா? மாடம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் நாத்தனார், மடியில் பிள்ளை.

தையலக்கா எழுந்தாள். மேலே பார்க்காமல் மேசையைப் பார்த்தே பேசினாள்.

“அந்த அறையைக் கிடங்குக்குக் கொடுத்தப்போ நானும் தட்டினேன். தலைவர் என்னைப் புகழ்ந்தாரு. அந்த மயக்கத்துல அவர் என்ன படிச்சாருன்னு நான் கேக்கலை. அப்புறம் சந்தைக்குப் போய், எதிர்த்தேன்னு பொய் சொன்னேன். என் வாக்கு தப்பு. தீர்மானத்தை மறுபடி எடுங்க. இந்தத் தடவை யாரும் தட்ட வேண்டாம், கையைத் தூக்குங்க.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தலைவர், அம்மா களைப்பாக இருக்கிறார் போலிருக்கிறது, உட்காருங்கள் என்று குழைந்தார். சட்டம் எழுந்து விதியைப் படித்தார். அன்றைக்கு யாரும் கொட்டாவி விடவில்லை. தீர்மானம் மறுபடி எடுக்கப்பட்டது. அறை பிள்ளைகளுக்கு என்பவர்கள் கை தூக்க வேண்டும் என்றதும் உறுப்பினர்கள் மாடத்தை ஓரக்கண்ணால் பார்த்தார்கள். மேசைக்கு முகம் கிடையாது, கைக்கு உண்டு. மேலே தங்கள் வார்டுப் பெண்கள் குனிந்து பார்த்துக்கொண்டிருக்க, கையை மடியிலேயே வைத்திருக்கப் பலருக்குத் துணிவு வரவில்லை. ஒவ்வொன்றாக எழும்பின. அறை பிள்ளைகளுக்கு என்று முடிவானது.

தையலக்காவுக்கு மகிழ்ச்சி வரவில்லை. கூனிக் குறுகிப் பக்கத்துப் படிவழியாக நழுவப் பார்த்தாள். அங்கே நாத்தனார் பிள்ளையோடு நின்றிருந்தாள்.

“என்னை மன்னிச்சிடும்மா,” என்றாள் இவள். “உங்க எல்லார்கிட்டயும் பொய் சொல்லிட்டேன்.”

“தெரியும் அண்ணி. அன்னைக்கும் நான் மாடத்துல இருந்தேன். எங்க விஷயம் வருதுன்னு கடையைச் சாத்திட்டு வந்திருந்தேன். நீங்க தட்டினதைப் பார்த்தேன். நீங்க சந்தைக்கு வர்றதுக்கு முன்னாடியே நான் போய் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்.”

“தெரிஞ்சுமா எனக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தீங்க?”

“பின்னே? மூஞ்சிக்கு நேரா கேட்டிருந்தா நீங்க அந்த மன்றத்துப் பக்கமே போயிருக்க மாட்டீங்க. எங்களுக்குன்னு உள்ள இருக்கிறது நீங்க ஒருத்திதானே அண்ணி. கோபப்படுறதுக்குக்கூட எங்களுக்கு வசதியில்லை.”

சொல்லிவிட்டு, வண்டியில் வந்த சரக்கை இறக்க வேண்டும் என்று அவள் விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டாள். மற்ற பெண்களும் போகிற போக்கில் தையலக்காவின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு கைக்கும் அவள் தலை இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது.