நடுத்தெருவில் ஓடிய வார்டு கோடு

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே முதலாளி சொல்லிவிட்டார், வரைபடத்துக்கு அரசியல் கிடையாது என்று. 2001, டெக்சாஸில் ஆஸ்டினுக்கு வடக்கே ஒரு ஊர். புது சென்சஸ் வந்துவிட்டது. நகரசபை வார்டுகளை மறுபடி பிரிக்கவேண்டும். கான்ட்ராக்ட் எங்கள் கம்பெனிக்கு. மவுஸைப் பிடித்துக் கோடு போடும் பாக்கியம் எனக்கு. எனக்கோ ஓட்டே கிடையாது; கிரீன் கார்டு முதலாளியின் கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

அதில் ஒரு வார்டில் கவுன்சிலருக்கு நிற்க ஆசைப்பட்டவர் சலீம் பாய். நாகூர்க்காரர், ரியல் எஸ்டேட் ஏஜென்ட். அவர் தெருவில் நம்மாட்களுக்கு வீடு பிடித்துக் கொடுத்ததே அவர்தான். நம்மாட்கள் டெக்சாஸ் வந்தாலும் கிழக்குப் பார்த்த வாசலைத் தவிர வேறு வாசலில் கால் வைப்பார்களா? தெருவின் ஒரு வரிசை முழுக்க நாமே நிறைந்துவிட்டோம். வாஸ்து கவலை இல்லாத பாய், எதிர்வரிசையில் கொல்லைப்புறம் பெரிதாக இருந்த ஒரு வீட்டில், வெள்ளைக்காரர்களுக்கு நடுவே குடியேறினார்.

சென்சஸ் கணக்கு தெருக்களால் பிரிந்த பிளாக் பிளாக்காகத்தான் வரும். திரையில் நிறம் ஏற்றினேன். தெருவுக்கு ஒரு பக்கம் ஆசியர்கள், அடர்சிவப்பு, மறுபக்கம் வெளுப்பு. பதவியிலிருந்த கவுன்சிலரின் ஆள் பின்னால் நின்று பார்த்தார். அவர் முகம் அப்படி மலர்ந்தது. கோட்டை நடுத்தெருவில் விடச் சொன்னார். ஒரே தெருவைப் பிரிக்கலாமா என்று கேட்டேன். தெருதான் இயற்கையான எல்லை என்றார் முதலாளி. தார் போட்ட இயற்கை! ஆட்சேபம் இருந்தால் பப்ளிக் ஹியரிங்கில் பேசலாமாம், ஆளுக்கு மூன்று நிமிடம்.

ஹியரிங்கில் கவுன்சிலர் வெகு அக்கறையாகக் கேட்டார், உங்கள் ஆட்கள் ஏன் ஒரே பக்கமாகக் குடியிருக்கிறார்கள் என்று. பாவம், பாய்க்கு வாஸ்துவை விளக்கவே மூன்று நிமிடமும் சரியாகப் போய்விட்டது.

அப்படியும் நின்றார். நம்மாட்கள் வரிசை மொத்தமும் அவருக்காக போர்டு நட்டது, கதவு தட்டியது, போன் பண்ணியது. ஓட்டு மட்டும் பக்கத்து வார்டில். பாய் தோற்றார்.

ஆறுதல் சொல்லப் போனேன். கோடு போட்டது நான்தான் என்று அவருக்குத் தெரியும்.

"தம்பி, பெருநாளைக்கு என் வீட்டு பிரியாணி ரோட்டை க்ராஸ் பண்ணி அவங்க வீட்டுக்குப் போகுது. தீபாவளிக்கு அவங்க ஸ்வீட் இங்க வருது. ஓட்டு மட்டும் க்ராஸ் பண்ணக் கூடாதா?"

எனக்கு வெட்கமாக இருந்தது.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். கோடு எவ்வளவு நேர் என்று பார்க்காதீர்கள், யாரை யாரிடமிருந்து பிரிக்கிறது என்று பாருங்கள். அந்த வரைபடத்துக்கு ஆபீஸில் எனக்குக் கைதட்டல் கிடைத்தது, ஒரு வளைவுகூட இல்லையாம்.