மயானத்துக்கு ஒரு மதகு

பிரதேச சபை உறுப்பினர் என்றால் தேர்தலுக்கு முன் ஒரு மாதம் பேசுவதும், மிச்சக் காலம் முழுக்க அதற்குப் பதில் சொல்வதும்தான் வேலை. உங்களில் யாரும் அந்தக் கதிரையில் இருந்திருந்தால் நான் சொல்வது விளங்கும்.

முதல் கூட்டம்

பெண்கள் ஒதுக்கீட்டில் போனவள் நான். வீட்டுக்காரர் கடல்தொழில். கோயில் மாதர் சங்கத்தில் பேசிப் பழகிய துணிவில், குடிதண்ணி பற்றிப் பேச எழும்பினேன். சபைக்குத் தலைவரான தவிசாளர் என் கட்சிக்காரர்தான். சிரித்தபடியே சொன்னார்: "தங்கச்சி, முதல் வருசம் இருந்து கேளுங்கோ. தூக்கச் சொல்லேக்க கையைத் தூக்கினால் காணும்."

செல்வம்மாவின் ஊரில்

எங்கள் தீவிலிருந்து பாலம் தாண்டினால், சபையின் பெருநிலப் பக்கம், மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் இருக்கின்றன. வயல் கூலிக்குப் போகும் செல்வம்மா அங்கேதான் இருந்தார். மாரி மழைக்குள் அவருடைய கணவர் இறந்துபோனார். செத்தவீட்டுக்கு நானும் போயிருந்தேன். மயானப் பாதையை ஒரு வாய்க்கால் அறுத்துக்கொண்டு ஓடுகிறது, மேலால் கடக்கச் சிறு பாலம் போல ஒரு மதகு இல்லை. நாலு பேர் பிரேதப் பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நெஞ்சளவு தண்ணியில் இறங்கினார்கள். நடுவில் ஒருவருக்குக் கால் வழுக்கியது. பெட்டி சரிந்து ஒரு பக்கம் நனைந்தது. கரையில் நின்ற பெண்களின் அழுகை அப்படியே நின்றுபோனது.

செல்வம்மா என் பக்கம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை. "நீங்க ஓட்டுக் கேட்டு வந்தது வெயில் காலங்கம்மா. அதான் இது உங்க கண்ணுல படல."

வாக்கெடுப்பு

மதகு கேட்டுப் பிரேரணை கொண்டுபோனேன். அந்த வருச ஒதுக்கீட்டைத் தவிசாளர் தன் வட்டார வீதிக்கு என்று வைத்திருந்தார். பிரேரணையை மீளப் பெறச் சொல்லி காலையிலேயே கட்சியிலிருந்து போன் வந்தது. போனை வைத்துவிட்டுச் சபைக்குப் புறப்பட்டேன்.

என் கட்சியில் என் கை மட்டுமே உயர்ந்தது. எதிர்வரிசையில் ஒவ்வொரு கையாக எழும்பியது. ஒரு வாக்கால் வென்றோம். தேர்தலில் எனக்கு எதிராக ஊரூராகப் பேசிய முஸ்லிம் உறுப்பினர் ஒருவர் வெளியே வந்து சொன்னார்: "உங்களுக்காகக் கை தூக்கல்ல. மையத்து அடக்கக் கொண்டுபோற பாதைக்கு என்ன கட்சி?"

திறப்பு விழா

மதகு கட்டி முடிந்தது. திறப்பு விழாக் கல்லில் தவிசாளர் பெயரும் இன்னும் இரண்டு பெயர்களும் இருந்தன. என் பெயர் இல்லை. மனம் கசக்கவில்லை என்று சொன்னால் பொய். செல்வம்மா கல்லை மெதுவாக வாசித்து முடித்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். "பேரு கெடக்கட்டுங்கம்மா. அடுத்து இதுமேல போறது நானாத்தான் இருக்கும். நனையாமப் போவேன்."

பதவிக் காலம் முழுவதும் இருந்து நான் கட்டுவித்தது ஒரு மதகு. அதற்கு விளக்கம் கேட்டுக் கட்சி அனுப்பிய கடிதங்கள் மூன்று.