மரத்தில் பேன்

எண்ணூர் கழியில் படகுக்கு உப்பு ஏற்றும் கம்பெனி மரத்துறை இடிந்து விழுந்த மறுநாள், அதைத் தாங்கி நின்ற மரக்கால்களில் உடைந்துபோன ஒன்றிலிருந்து அறுத்த மூன்று துண்டுகளை ஈரக் கோணியில் சுற்றி எங்கள் ஆபீசில் கொண்டுவந்து போட்டார்கள். ராயபுரத்தில் கடலைப் பார்த்தபடி இருந்த ஒரு சர்க்கார் மீன் ஆபீஸ் அது. அங்கே நான் அட்டெண்டர். ஜாடி கழுவுவேன், ஃபார்மலின் ஊற்றுவேன், வலையில் வந்த சின்ன உயிர்களை இனம் பிரித்து வைப்பேன். படித்தது எட்டாவது வரைதான். ஆனால் பத்து வருஷமாக லென்ஸில் பார்த்துப் பழகிய கண்.

அந்தத் துறையின் கால்களைக் கவனித்துக்கொள்ளும் ஆள் என் அக்காவின் புருஷன். மாதம் ஒரு முறை தண்ணீர் வற்றும்போது இடுப்பளவு சேற்றில் இறங்கி, மரத்தில் ஒட்டியிருக்கும் மட்டியைச் சுரண்டித் தார் பூச வேண்டும். கெட்டுப்போன கால் இருந்தால் கம்பெனியில் சொல்ல வேண்டும். கம்பெனி கொடுத்த ஓட்டு வீட்டில்தான் அக்காவும் மூன்று பிள்ளைகளும் இருந்தார்கள். துறை விழுந்தபோது மூட்டை சுமந்துகொண்டிருந்த ஒருத்தியின் கால் விழுந்த மரத்துக்கு அடியில் சிக்கி நசுங்கியது. முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்துவிட்டார்கள். யார் குற்றம் என்று கம்பெனி விசாரணை வைத்தது. மரத்தைக் கெடுத்தது எது என்று எங்கள் அதிகாரி எழுதிக் கொடுக்க வேண்டும். மாமாவின் வேலையும் வீடும் அந்தக் காகிதத்தில் இருந்தது.

கடலில் மரத்தைக் குடைகிறவை பல உண்டு. எல்லோரும் சொல்வது கப்பல் புழு. அது உண்மையில் புழுவே இல்லை, நத்தை, சிப்பியின் சாதி. ஊசிமுனை அளவு ஓட்டை போட்டுக் குஞ்சாக உள்ளே போகும். உள்ளேயே வளர்ந்து, சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளைக் குழாய் கட்டிக்கொண்டு மரத்தைக் கூடாக்கிவிடும். வெளியே இருந்து பார்த்தால் எந்தக் கொம்பனுக்கும் தெரியாது. அப்படி என்றால் யார் மேலும் குற்றம் இல்லை.

நான் துண்டுகளைப் பிளந்தேன். ஒரு துண்டில் வெள்ளைக் குழாய் இரண்டு இருந்தது. ஆனால் மரம் முறிந்த இடத்தில் அது இல்லை. அந்த இடத்தில் மரம் உடுக்கை மாதிரி இடுப்பு ஒடுங்கியிருந்தது. தண்ணீர் ஏறி இறங்கும் மட்டத்தில், சுற்றிலும் வெளியிலிருந்து நேராக உள்ளே போகும் ஓட்டைகள். ஒவ்வொன்றும் பென்சில் நுழையும் அளவு. ஊசியால் நெம்பினேன். பச்சைப் பயறு போல ஒரு உருண்டை வந்து விழுந்தது. நல்ல தண்ணீரில் போட்டதும் மெல்ல விரிந்தது.

விரிந்தால் சுண்டுவிரல் நக நீளம். மேலே வளைந்த முதுகு, அழுக்குப் பழுப்பு நிறம். தலையில் காம்பு இல்லாத கண் இரண்டு, இரண்டு ஜோடி உணர்கொம்பு. தலைக்குப் பின்னால் தனித்தனியாக ஏழு வளையம், வளையத்துக்கு ஒரு ஜோடி கால். ஏழு ஜோடியும் ஏறக்குறைய ஒரே மாதிரி. இறாலிலிருந்தும் நண்டிலிருந்தும் இதைப் பிரிக்க அந்தக் கால் கணக்கே போதும். அதற்குப் பின்னால் வால் பகுதி ஒரே தகடாகச் சேர்ந்து, மேலே சின்னச் சின்ன மொட்டுகள். தகட்டின் இரு பக்கமும் கத்திபோல இரண்டிரண்டு இதழ். வெளி இதழின் ஓரத்தில் ரம்பப் பல். திருப்பிப் போட்டால் வாலடியில் இலை இலையாக மெல்லிய மடல்கள், அதில்தான் மூச்சு. ஒரு பெட்டையின் வயிற்றில் குட்டிகள் இருந்தன. தாயைப் போலவே இருக்கும், கடைசி ஜோடிக் கால் மட்டும் முளைத்திருக்காது. இது மரத்தைத் தின்பதில்லை. குடியிருக்கத்தான் குடைகிறது.

அன்று மத்தியானம் மாமா ஆபீஸ் வாசலுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. இப்போது உடைந்த அதே காலைப் பற்றி நான்கு மாதத்துக்கு முன்பே கம்பெனி குமாஸ்தாவிடம் போய்ச் சொன்னதாகச் சொன்னார்.

"இன்னான்னு சொன்ன மாமா?"

"மூணாங்காலுல பேன் வெச்சிகீது, மாத்துங்கன்னு சொன்னேன். அந்தாளு சிரிக்கிறான் மச்சான். மரத்துக்குப் பேனா, போய் சீப்பு வாங்கி வாரி வுடுன்றான். ரூம்ல கீற அத்தனை பேரும் சிரிச்சானுங்க."

மீனின் வாயில் நாக்கின் மேல் உட்கார்ந்து ரத்தம் குடிக்கும் ஒன்று உண்டு. எங்கள் மீனவர் குப்பத்தில் அதைப் பேன் என்போம். மரத்தில் இருப்பதையும் அதே பெயரில்தான் சொல்வோம், உருவம் அப்படி. ஜாடியைக் கொண்டுவந்து காட்டினேன். மாமா ஒரு பார்வை பார்த்து, "இதான், பேனு" என்றார். லென்ஸ் தேவைப்படவில்லை. மீனில் இருப்பதும் மரத்தில் இருப்பதும் ஒரே குலம் என்று அதிகாரியின் புத்தகமும் சொல்லியது. குப்பத்துக்காரன் சரியாகத்தான் பெயர் வைத்திருக்கிறான்.

இனி என் முட்டாள்தனம். நான் நினைத்திருந்தால் அந்த இரண்டு வெள்ளைக் குழாயை முன்னால் வைத்து, புழு சார் என்று சொல்லியிருக்கலாம். அதிகாரி அந்த வாரம் வேறு வேலையில் இருந்தார், நான் பிரித்து வைப்பதைத்தான் பார்ப்பார். ஆனால் மாமா சொன்னது சரி என்று நிரூபிக்க இதுதான் வழி என்று நம்பினேன். ஏழு ஜோடிக் காலை எண்ணிக் காட்டினேன். அதிகாரியும் ரம்பப் பல்லை எண்ணி, லத்தீன் பெயரோடு இங்கிலீஷில் எழுதினார். இந்தப் பக்கத்து ஆட்கள் இதைப் பேன் என்பார்கள் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்டேன். அது விஞ்ஞானம் இல்லை, அதற்கு இதில் இடம் இல்லை என்றார். கெட்ட மனிதர் இல்லை. எழுதியது ஒவ்வொன்றும் உண்மை.

விசாரணைக்கு ஜாடியைத் தூக்கிக்கொண்டு நான் போனேன். மேனேஜர் காகிதத்தைப் படித்தார். இந்த உயிர் போடும் ஓட்டை வெளியே தெரியும், சாதாரணமாகப் பார்த்தாலே கண்டுபிடிக்கலாம் என்று எழுதியிருந்தது. ஏன் முன்பே சொல்லவில்லை என்று மாமாவைக் கேட்டார். சொன்னேன், பேன் என்று சொன்னேன் என்றார் மாமா. குமாஸ்தாவைக் கேட்டார்கள். ஏதோ ஒரு நாள் வந்து தமாஷ் பண்ணினான், அதை எப்படி ரிஜிஸ்டரில் எழுதுவது என்றான் அவன். மேனேஜர் காகிதத்தை மாமா பக்கம் திருப்பினார்.

"இதுல பேன்னு எங்க போட்டிருக்கு? காட்டு."

மாமாவுக்குத் தமிழே படிக்க வராது. நான்தான் வாயைத் திறந்தேன். அவர் சொன்ன பேன் இந்த ஜாடியில் இருப்பதுதான் என்றேன். நீ யார் என்று கேட்டார். அட்டெண்டர் என்றேன். இவனுக்கு உறவா என்று கேட்டார். அக்கா புருஷன் என்றேன். மேனேஜர் பேனாவை மூடினார். அதோடு முடிந்தது.

பார்த்தும் சொல்லாமல் விட்டான் என்று மாமாவை வேலையை விட்டு எடுத்தார்கள். ஒரு வாரத்தில் வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்கள். கால் போனவள் கம்பெனிக்குப் போனபோது, அது அந்த ஆள் செய்த வினை, அவனைப் போய்க் கேள் என்று அனுப்பிவிட்டார்கள். அவளும் கேட்க வந்தாள், கட்டையை ஊன்றிக்கொண்டு. வாசலில் நின்று மாமாவைக் கெட்ட வார்த்தையில் திட்டினாள். அவள் திட்டி முடிக்கும்வரை மாமா தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

காலி செய்த அன்று திருவொற்றியூருக்குச் சாமான் ஏற்றக் கட்டைவண்டி வந்தது. நானும் போயிருந்தேன். அக்கா அம்மிக்கல்லைத் தூக்கும்போது ஒரு பக்கம் பிடிக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டாள்.

"புழுன்னு சொல்லியிருந்தா உனக்கு இன்னாடா கொறைஞ்சிருக்கும்?"

"அது புழு இல்லக்கா."

"எனுக்கு வூடு இல்ல."

அம்மியைத் தனியாகத் தூக்கி வண்டியில் போட்டாள். வண்டிக்காரன் என்னையும் ஏறச் சொன்னான். அக்கா பின்பலகையைச் சாத்திக் கயிற்றைக் கட்டினாள். நான் ரயிலில் ராயபுரம் வந்து, அன்று கழுவ வேண்டிய ஜாடிகளைக் கழுவினேன்.