பாம்புச்செவியார் செய்த மைக்

“இரைச்சலோட ஒரு பதிவு என் கம்ப்யூட்டர் பெட்டியில கிடந்தா, இந்த ரெண்டு காதையும் அறுத்து உங்க கையில குடுத்துடறேன்.”

இப்படிப் பிரகடனம் செய்தவர் சாதாரண ஆள் அல்ல. ஒலிப்பதிவுக் கூடங்களுக்கு மைக் பழுது பார்ப்பவர். மூன்றாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு, தெருவில் போகும் லாரிக்கு எந்தச் சக்கரத்தில் காற்று குறைவு என்று சொல்லக்கூடியவர். தொழில் வட்டாரத்தில் அவருக்குப் பாம்புச்செவியார் என்று பெயர்.

காதுகளை யாரும் கேட்டு வரவில்லை. இருந்தாலும் அவர் சொன்ன சொல் தவறவில்லை. மகள் சின்ன வயதில் டேப்பிலோ, பின்னாளில் போனிலோ அம்மாவின் பேச்சைப் பதிந்து வைத்தால் வாங்கிக் கேட்பார். பின்னால் மின்விசிறி சுற்றும். அழித்துவிடுவார். அந்தக் குடும்பத்தின் முப்பது வருடச் சரித்திரம் மின்விசிறி, குழாய்த் தண்ணீர், பக்கத்து வீட்டு நாய் ஆகிய குற்றங்களுக்காக இப்படித் தண்டனை அடைந்தது.

பிறகு அவர் மனைவியின் தொண்டையில் கட்டி வந்தது.

“இன்னையிலேருந்து பதினாலாம் நாள் ஆபரேஷன். குரல்வளையை எடுத்தாகணும்” என்றார் டாக்டர். “அதுவரைக்கும் குரல் தாங்குமான்னும் சொல்ல முடியாது. ஏதாவது பதிஞ்சு வச்சுக்கணும்னா இன்னைக்கே செஞ்சிடுங்க.”

லாரிச் சக்கரம் கேட்கும் காதுக்கு அந்த ‘இன்னைக்கே’ மட்டும் கேட்கவில்லை.

“உங்க கூடத்துக்கே அம்மாவைக் கூட்டிட்டுப் போங்கப்பா” என்று மகள் போனில் கெஞ்சினாள்.

“அங்க இருக்கிற மைக் ஒவ்வொண்ணையும் திறந்து பார்த்தவன் நான். எதுக்குள்ளயும் யோக்கியம் இல்ல. உங்கம்மாவுக்கு நானே செய்றேன்.”

செய்தார். குரலை வாங்கும் காசளவுத் தகட்டை நல்ல இடத்தில் வாங்கினார். சுற்றுப் பலகையை இரண்டே நாளில் பற்றவைத்து முடித்தார். அத்துடன் நின்றிருந்தால் உலகம் பிழைத்திருக்கும். ஆனால் மைக்குக்கு உடம்பு வேண்டாமா?

முதலில் பிளாஸ்டிக் குழாய். துணி அலமாரியைக் காலி செய்து, உள்ளே கனத்த ரஜாய்ப் போர்வை தொங்கவிட்டு, மனைவியை ஸ்டூலில் உட்காரவைத்தார்.

“என்னங்க பேசணும்?”

“ஒண்ணுலேருந்து பத்து வரைக்கும் எண்ணு.”

எண்ணினாள். கேட்டார். உலோகக் கவசம் இல்லாததால் வீட்டு மின்சாரம் முழுவதும் அவளோடு சேர்ந்து முனகியது. அழித்தார்.

அடுத்து எவர்சில்வர் பிளாஸ்க். அவள் எண்ண, அது மணியடித்தது. அழித்தார். அதன் பிறகு லேத்காரரிடம் பித்தளைக் குழாய் கடைந்து வாங்கினார். அவள் வாய் திறந்ததும் குழாய் கூடவே ஊளையிட்டது. அதை மட்டும் உடனே அழிக்கவில்லை. குற்றவாளிக்குச் சாட்சி காட்ட வேண்டுமே? லேத்காரரின் போனுக்கு அனுப்பிவைத்துப் பேசினார்.

“கேளுய்யா, உன் குழாய் பாடுற அழகை!”

“குழாய் குழாயாத்தான் அண்ணே இருக்கும். உள்ள கம்பளி ஒட்டுங்க.”

“கேட்டுட்டு அழிச்சிடு. மானம் போகுது.”

தன் பெட்டியில் இருந்ததை அன்றே அழித்தார். கம்பளி ஒட்டினார். ஊளை நின்றது. நாள் ஒன்பது.

இனி மாட்டும் விதம். ஸ்டாண்டில் இறுக்கிப் பிடித்தால், தரை வழியாக லாரி மைக்குக்குள் ஏறிவந்தது. வளையம் ஒன்று செய்து நடுவே தொங்கவிட்டார். சைக்கிள் டியூப் விறைத்தது. தம் உள்ளாடையின் எலாஸ்டிக்கைத் தியாகம் செய்தார். அது தொய்ந்து, மைக் தலைகுனிந்தது.

“அதுக்கே வெக்கமா இருக்கு” என்றாள் மனைவி. சிரிக்கப் போய் இருமினாள். குரல் ஏற்கெனவே பாதி கரகரத்திருந்தது. தலையிலிருந்து ரப்பர் பேண்டைக் கழற்றி நீட்டினாள். “இந்தாங்க. இதுவும் வேணாம்னா எனக்குத் தெரியாது. ஏங்க, நாளைக்காவது எண்ணாம ஏதாவது பேசலாமா?”

“மைக் முடியட்டும். அப்புறம் நாள் பூரா பேசு.”

அப்படிப்பட்ட நான்கு ரப்பர் பேண்டுகளில் மைக் அந்தரத்தில் நின்றது. பன்னிரண்டாம் நாள் காலை, கீழே லாரி போயிற்று. மைக் அசையவில்லை. காதில் ஹெட்போனோடு அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு பொட்டு இரைச்சல் இல்லை. உலகத்தில் யாரும் செய்யாத மைக்.

“இப்ப பேசு. என்ன வேணும்னாலும் பேசு.”

அவள் வாயைத் திறந்தாள். வெறும் காற்று வந்தது. இரவோடு இரவாக வீக்கம் குரலை மூடிவிட்டிருந்தது. அவருடைய மைக் அந்தக் காற்றை அணுவும் குறையாமல், அப்பழுக்கில்லாமல் பதிந்துகொண்டது.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்றார்கள். கழுத்தில் ஒரு சின்னக் குழாயும் கையில் ஒரு சிலேட்டுமாக வீடு திரும்பினாள். அவர் பெட்டியை நான்கு நாள் துழாவினார். ஒழுக்கமான பெட்டி. ஒன்றுமில்லை. ஐந்தாம் நாள் லேத் பட்டறை வாசலில் போய் நின்றார்.

“அந்தக் குழாய் ஊளை… அழிச்சிட்டியா?”

லேத்காரர் இயந்திரத்தை நிறுத்தினார். கையைத் துடைத்துக்கொண்டே போனைத் தேடினார். “நீங்க அழிக்கத்தான் சொன்னீங்க. அண்ணி உங்களைக் கிழிக்கிறாங்களா, மனசு வரல அண்ணே. மனசு சரியில்லன்னா போட்டுக் கேப்பேன்.”

வீட்டுக்கு வந்ததும் அதைப் பெட்டியில் ஏற்றி ஒலிபெருக்கியில் போட்டார்.

“ஒண்ணு, ரெண்டு, மூணு… ஏங்க, அடுப்புல பால் இருக்கு. நாலு… முப்பது வருஷமா உங்களோட நாளை எண்ணிட்டுத்தானே இருக்கேன், இன்னும் என்ன எண்ணச் சொல்றீங்க? அஞ்சு… பாருங்க, பொங்கிடுச்சு! உங்க காதுல அதெல்லாம் விழாதே!”

பித்தளை ஊளையிட்டது. அடுப்பில் பால் சீறியது. தூரத்தில் நாய். எதையும் நீக்க அவர் கை போகவில்லை. மறுபடி போட்டார். மறுபடியும்.

கதவருகே நிழல் தட்டியது. மனைவி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று பாம்புச்செவியாருக்குத் தெரியவில்லை. சிலேட்டில் எழுதித் திருப்பிக் காட்டினாள்: ‘காதை எப்ப அறுக்கப் போறீங்க?’

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

“இன்னும் ஒரு தடவை கேட்டுட்டு.”